தெற்குக் கோபுரத்தைவிட உயரமான கோபுரம், எதிரே ஒரு கைப்பிடிப் பொடி

திருநகர் ஆபரேட்டர் | வெள்ளி, இரவு 9:40

ஓய்வு பெற்று ஊர் திரும்பி நான்கு வருடமாகிறது. அதற்கு முன் முப்பது வருடம் வடக்கே ஒரு கிராக்கர் ஆலையில் ஷிப்ட் பார்த்தேன். பெட்ரோலியத்திலிருந்து வரும் நாப்தாவை உலையில் உடைத்து, பிளாஸ்டிக்குக்கு மூலப்பொருளான எத்திலீனும் புரொப்பிலீனும் எடுக்கும் ஆலை. 2025 வேதியியல் நோபல் அறிவித்ததிலிருந்து அக்கா மகன் தினமும் ஒரு செய்தி அனுப்புகிறான். "மாமா, உங்க கோபுரத்தை எல்லாம் இனி காயலான் கடையில் போடலாம், துளைத்துளையாக ஒரு பொடி வந்துவிட்டது" என்கிறான். அவனோடு மல்லுக்கட்டி அலுத்துவிட்டது. அதனால் இங்கே கேட்கிறேன்.

விஷயம் புதிதாக இருப்பவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். புரொப்பேன் கொதிப்பது மைனஸ் 42 டிகிரியில், புரொப்பிலீன் மைனஸ் 48-க்குப் பக்கத்தில். நடுவில் ஐந்தரை டிகிரிதான். இவை இரண்டையும் காய்ச்சிப் பிரிக்கும் கோபுரத்துக்கு சி-3 ஸ்பிளிட்டர் என்று பெயர். உள்ளே 150, 200 தட்டுகள் இருக்கும். பெரிய ஆலைகளில் 90 மீட்டர் வரைக்கும் நிற்கும். நம் மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரமே ஏறக்குறைய 52 மீட்டர்தான். ஒரு டன் புரொப்பிலீன் வெளியே போக வேண்டுமானால், பத்துப் பதினைந்து டன்னைக் குளிரவைத்து மறுபடியும் உச்சியிலிருந்து ஊற்ற வேண்டும். எத்திலீனுக்கும் ஈத்தேனுக்கும் இடைவெளி கொஞ்சம் பெரிது, 15 டிகிரி. ஆனால் இரண்டுமே மைனஸ் நூறை ஒட்டிக் கொதிப்பவை. 20 பார் அழுத்தம் கொடுத்தாலும் அந்தக் கோபுரத்தை மைனஸ் 30 வாக்கில்தான் ஓட்ட முடியும்.

சரி, கேள்விக்கு வருகிறேன். எத்திலீன் மூலக்கூறின் குறுக்களவு 4.16 ஆங்ஸ்ட்ராம் என்கிறார்கள், ஈத்தேன் 4.44. ஒரு மில்லிமீட்டரைக் கோடியாகப் பகுத்தால் ஒரு ஆங்ஸ்ட்ராம். அதில் கால் பங்குக்குக் கொஞ்சம் கூட இருக்கும் வித்தியாசம். இதைச் சலிக்கும் சல்லடைக்குக் கண்ணை யார், எதை வைத்துக் குத்தினார்கள்?


செல்லூர் ஃபிரிட்ஜ் கடை | வெள்ளி, இரவு 9:58

அண்ணே, எனக்குப் பாதி புரியவில்லை. ஆனால் எங்கள் அப்பத்தா ரேஷன் அரிசியை மூன்று விதமாகச் சுத்தம் செய்யும். முதலில் சல்லடையில் சலிக்கும், குருணை விழும். அப்புறம் முறத்தில் புடைக்கும், உமி பறக்கும். கடைசியில் தண்ணீரில் போட்டு அரிக்கும், கல் அடியில் தங்கும். நீங்கள் கோபுரத்தில் செய்வது புடைக்கிற மாதிரி என்று தெரிகிறது. பொடி செய்வது சலிப்பதா, அரிப்பதா?


நாகமலை ஆய்வகம் | வெள்ளி, இரவு 10:31

நான் இதிலேதான் ஆராய்ச்சி செய்கிறேன், அதனால் எழுதுகிறேன். நான்கு வருடமாக என் தட்டிலும் இதே பொடிதான்.

சார், கண் குத்துவதே இல்லை. சாரம் கட்டுகிறோம். கட்டடத்துக்குச் சவுக்குக் கம்பை நட்டு, குறுக்கே இன்னொன்றை வைத்து, சந்தில் கயிறு போட்டு இறுக்குவார்களே, அதே கதை. சந்தில் உலோக அணு, கம்புக்குப் பதில் ஒரு கரிம மூலக்கூறு. இரண்டையும் கரைசலில் கலந்து சூடேற்றினால் அதுவே தன்னைக் கட்டிக்கொள்கிறது. கம்பின் நீளத்தை மாற்றினால் நடுவில் இருக்கும் கட்டத்தின் அளவு மாறும். உலோக-கரிமச் சட்டகம் என்று பெயர், ஆய்வகத்தில் நாங்கள் மாஃப் என்போம். 1989-இல் ரிச்சர்ட் ராப்சன் இப்படி ஒரு படிகம் கட்டினார். 1997-இல் சுசுமு கிடகாவா கட்டியதில் வாயு உள்ளே போய் வெளியே வந்தது, சட்டகம் சரியவில்லை. 1999-இல் ஓமர் யாகி மாஃப்-5 கட்டினார். 2025 நோபல் இந்த மூவருக்கும்தான். சில மாஃப்களில் ஒரு கிராம் பொடியின் உட்பரப்பை விரித்தால் 7,000 சதுர மீட்டர் வரும். ஒன்றே முக்கால் ஏக்கர்.

செல்லூர் அண்ணன் கேள்விக்கு: சலிப்பதும் உண்டு, வேறு இரண்டு வேலையும் உண்டு.

சுத்தமாகச் சலிப்பது அபூர்வம். 2016-இல் சவுதியில் கௌஸ்ட்-7 என்று ஒன்றைச் செய்தார்கள். நிக்கல், நியோபியம், ஃப்ளூரின் எல்லாம் சேர்ந்த சட்டகம். வாசல் எவ்வளவு இறுக்கம் என்றால் புரொப்பிலீன் நுழைகிறது, புரொப்பேனால் நுழையவே முடிவதில்லை.

இரண்டாவது, ஒட்ட வைப்பது. எத்திலீனில் இரண்டு கார்பனுக்கு நடுவே இரட்டைப் பிணைப்பு இருக்கிறது, ஈத்தேனில் இல்லை. சட்டகத்தின் சந்தில் இருக்கும் உலோகத்தை ஒரு பக்கம் மட்டும் மூடாமல் விட்டால், அந்த இரட்டைப் பிணைப்பின் எலக்ட்ரான் மேகம் போய் அதில் ஒட்டும். 2012-இல் இரும்பு வைத்து இதைக் காட்டினார்கள். இங்கே துளை 11 ஆங்ஸ்ட்ராம், இரண்டு வாயுவுமே தாராளமாக நுழையும். அளவுக்கு இங்கே வேலையே இல்லை.

மூன்றாவது எனக்குப் பிடித்தது. ஜிஃப்-8 என்ற சட்டகத்தின் வாசலைக் கணக்குப்படி அளந்தால் 3.4 ஆங்ஸ்ட்ராம். புரொப்பிலீனுக்கே அது போதாது. ஆனாலும் நுழைகிறது, ஏனென்றால் வாசலில் இருக்கும் வளையம் ஸ்பிரிங் கதவு மாதிரி ஆடும். புரொப்பேனும் தள்ளிப் பார்க்கும், ஆனால் நூறு மடங்குக்கும் மேல் மெதுவாகத்தான் உள்ளே போகும். தடை இல்லை, தாமதம். தாமதத்தை வைத்தே பிரித்துவிடலாம்.


திருநகர் ஆபரேட்டர் | வெள்ளி, இரவு 10:50

நன்றாகச் சொன்னாய் அம்மா. ஆனால் "ஒட்டும்" என்று சொன்னாயே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. ஒட்டியதைப் பிய்த்து எடுக்க என்ன செலவு? அதை மட்டும் யாரும் தலைப்பில் போடுவதில்லை.


கப்பலூர் வெல்டிங் | சனி, காலை 6:15

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். துளைப்பொருளுக்கு இப்போதுதான் நோபல் என்கிறீர்கள், எங்கள் பட்டறையில் அது நூறு வருடக் கதை. டிஏ சிலிண்டர், அதாவது அசிட்டிலீன் சிலிண்டரைத் தட்டிப் பாருங்கள். ஆக்சிஜன் சிலிண்டர் மாதிரி கணீர் என்று கேட்காது. உள்ளே முழுக்கத் துளையுள்ள ஒரு கட்டி அடைத்திருக்கும், அதில் அசிட்டோன் ஊறியிருக்கும், அதில்தான் அசிட்டிலீன் கரைந்து கிடக்கும். சும்மா இரும்புக் குடுவையில் அழுத்தி அடைத்தால் தானாகவே வெடித்துவிடும். அதனால்தான் சிலிண்டரைப் படுக்க வைத்து ஓட்டக் கூடாது என்று பையன்களிடம் தினமும் கத்துகிறேன், அசிட்டோன் வெளியே வந்துவிடும். இந்த முறையைச் செம்மைப்படுத்திக் கொடுத்தவர் குஸ்தாஃப் டாலென் என்ற சுவீடன்காரர். கலங்கரை விளக்குக்கு எரிவாயு கொடுக்கும் கருவிக்காக 1912-இல் அவருக்கு இயற்பியல் நோபல். அதே வருடம் சோதனையில் அசிட்டிலீன் வெடித்து இரண்டு கண்ணும் போயிற்று.

கப்பலூர் சுங்கச்சாவடி பற்றிப் பேசாமல் ஒரு பதிவு போட்டதற்கு என்னைப் பாராட்ட வேண்டும்.


மாட்டுத்தாவணி பழமண்டி | சனி, காலை 7:02

அசிட்டிலீன் என்றதும் வந்தேன். கார்பைட் கல்லில் ஈரம் பட்டால் வருவது அசிட்டிலீன், அதை வைத்துப் பழுக்க வைப்பது தடை. இப்போது அறை கட்டி எத்திலீன் விடுகிறோம், 100 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் நூறு பங்கு வரைக்கும்தான் அனுமதி. எனக்குத் தலைகீழாக ஒரு சந்தேகம். வாழைத்தாரை நாலு நாள் நிறுத்தி வைக்க, காயிலிருந்து தானாக வரும் எத்திலீனை உறிஞ்ச இந்தப் பொடி ஆகுமா?


நாகமலை ஆய்வகம் | சனி, காலை 9:20

பழமண்டி அண்ணே, அதற்கு இவ்வளவு விலையுள்ள பொடி வேண்டாம். பொட்டாசியம் பர்மாங்கனேட்டை ஜியோலைட் என்ற துளையுள்ள கனிம மணியிலோ அலுமினா மணியிலோ ஏற்றிச் சின்னப் பொட்டலமாகவே கிடைக்கிறது. அது எத்திலீனைப் பிடித்து வைப்பதில்லை, எரித்துவிடுகிறது. உங்களுக்கு அந்த எத்திலீன் திரும்ப வேண்டாம், அதனால் வேலை சுலபம். ஆபரேட்டர் சாருக்கு அது திரும்ப வேண்டும். அதிலேதான் எல்லா வம்பும்.

வெல்டிங் அண்ணன் பதிவோடு சேர வேண்டிய ஒன்று: கிராக்கரில் வரும் எத்திலீனோடு ஒரு சதவீதம் வாக்கில் அசிட்டிலீனும் வரும். அதைச் சில பிபிஎம் அளவுக்கு இறக்காவிட்டால் பாலித்தீன் செய்யும் வினையூக்கி செத்துப்போகும். அசிட்டிலீனின் ஓரத்தில் இருக்கும் ஹைட்ரஜனுக்கு லேசான அமில குணம் உண்டு. சிஃப்சிக்ஸ் என்ற குடும்பத்துச் சட்டகங்களில் சுவரெல்லாம் ஃப்ளூரின் நீட்டிக்கொண்டிருக்கும். அசிட்டிலீன் உள்ளே வந்தால் இரண்டு பக்கமும் அதைக் கோத்துக்கொள்ளும். இந்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. எத்திலீன் சும்மா போய்விடும்.


திருநகர் ஆபரேட்டர் | சனி, காலை 9:41

அசிட்டிலீனை நாங்கள் ஹைட்ரஜன் கொடுத்து எத்திலீனாகவே மாற்றிவிடுவோம். கொஞ்சம் கை தவறினால் எத்திலீனும் சேர்ந்து ஈத்தேன் ஆகிவிடும். ராத்திரி மூன்று மணிக்கு அந்த ரியாக்டர் சூடு ஏறுவதைப் பார்த்தவனுக்குத்தான் அந்தப் பயம் தெரியும்.

சரி, என் கேள்வி இன்னும் நிற்கிறது. பிய்ப்பதற்கு என்ன செலவு?


செல்லூர் ஃபிரிட்ஜ் கடை | சனி, காலை 10:05

கொரோனா சமயத்தில் அரசு ஆஸ்பத்திரிகளில் ஆக்சிஜன் ஆலை வைத்தார்களே, அதுவும் இதே தொழில்தானே? காற்றை அமுக்கி மணிக்குள் விடுவது, திறந்து விடுவது, மறுபடி அமுக்குவது. அதில் பிய்க்கச் சூடு எதுவும் கொடுத்த மாதிரி தெரியவில்லையே.


நாகமலை ஆய்வகம் | சனி, காலை 10:48

அண்ணே, நீங்கள் பாதி புரியவில்லை என்று சொன்னதை இனி நான் நம்ப மாட்டேன்.

அது பிஎஸ்ஏ, அழுத்தத்தை ஏற்றி இறக்கிப் பிரிக்கும் முறை. மணி ஜியோலைட். அங்கே ஒரு வேடிக்கை பாருங்கள். ஆக்சிஜன் 3.46 ஆங்ஸ்ட்ராம், நைட்ரஜன் 3.64. மாட்டிக்கொள்வது பெரிய நைட்ரஜன்தான், சின்ன ஆக்சிஜன் கடந்து போகிறது. சல்லடை என்று நினைத்துப் பார்த்தால் தலைகீழ். ஜியோலைட்டில் இருக்கும் உலோக அயனியின் மின்புலம் நைட்ரஜனை லேசாக இழுக்கிறது, அவ்வளவுதான். லேசாக இழுப்பதால்தான் அழுத்தத்தைக் குறைத்த உடனே விட்டுவிடுகிறது. ஆர்கானை அதற்குப் பிரிக்கத் தெரியாது, அதனால் ஆக்சிஜன் 93 சதவீதம் வாக்கில் நின்றுவிடும்.

எத்திலீனுக்கு வருவோம். இரும்பு மாஃப் எத்திலீனைப் பிடிக்கும் பிடி, மோலுக்கு 45 கிலோஜூல் அளவில். கழற்ற முடியாத பிடி இல்லை, ஆனால் சும்மாவும் விடாது. வெற்றிடம் போட வேண்டும், இல்லை சூடேற்ற வேண்டும். வெற்றிடத்தில் இழுத்தால் எத்திலீன் அழுத்தமே இல்லாமல் வரும், அதை மறுபடி அமுக்கக் கம்ப்ரசர் வேண்டும். அதாவது ஆபரேட்டர் சார் கேட்கும் செலவு கோபுரத்திலிருந்து கம்ப்ரசருக்கு இடம் மாறி உட்கார்ந்துகொள்கிறது. வெள்ளி அயனியை வைத்தால் பிடி இன்னும் இறுகும், கழற்றுவது இன்னும் கஷ்டம். மேலும் கந்தகம் பட்டால் வெள்ளி கறுத்துப்போகும், வீட்டுக் கொலுசு மாதிரியே.


சோழவந்தான் சிரட்டைக்கரி | சனி, மதியம் 1:30

நாங்கள் தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டுக் கரியாக்கி, அதைச் செயலூட்டும் ஆலைக்கு அனுப்புகிறோம். செயலூட்டிய கரியிலும் கிராமுக்கு 1,000 சதுர மீட்டர் பரப்பு என்று வாங்குகிறவர்கள் சொல்வார்கள். அதில் எத்திலீன் ஒட்டாதா? விலையில் உங்கள் பொடி எங்களோடு போட்டிக்கே நிற்காது.


நாகமலை ஆய்வகம் | சனி, மதியம் 2:10

ஒட்டும் அண்ணே. ஆனால் கரிக்கு ஈத்தேன் மேல்தான் ஒரு பிடி பாசம் கூட. ஈத்தேனில் ஹைட்ரஜன் அதிகம், மேகமும் கொஞ்சம் பெரிது. உலோகம் எதுவும் இல்லாத சாதாரணச் சுவர் அதைத்தான் கூட இழுக்கும். வித்தியாசம் ரொம்பச் சின்னது, அதனால் தொழிலுக்கு ஆகவில்லை.

ஆனால் நீங்கள் தெரியாமலே சரியான நரம்பைத் தொட்டுவிட்டீர்கள். ஆபரேட்டர் சார், யோசித்துப் பாருங்கள். கிராக்கரிலிருந்து வருவதில் எத்திலீன்தான் அதிகம், ஈத்தேன் குறைவு. நாங்கள் எல்லாரும் இத்தனை வருடம் அதிகமாக இருப்பதைப் பிடிக்கவே பொடி செய்துகொண்டிருந்தோம். நெல்லில் கல் கிடந்தால் கல்லைப் பொறுக்குவோமா, நெல்லைப் பொறுக்குவோமா? ஈத்தேனைப் பிடிக்கும் பொடி இருந்தால், அந்தப் பக்கம் வருவதெல்லாம் சுத்தமான எத்திலீன், அதுவும் அழுத்தம் குறையாமல். பிய்ப்பது கொஞ்சம் ஈத்தேனை மட்டும்தான்.

2018-இல் அதையும் செய்துவிட்டார்கள். அதே இரும்பு மாஃப், இரும்பின் திறந்த பக்கத்தில் ஆக்சிஜனை பெராக்சைடாக உட்கார வைத்தார்கள். எத்திலீன் ஒட்டிய இடத்தில் இப்போது ஈத்தேன் ஒட்டுகிறது. ஒரே சுற்றில் பாலிமர் தரத்துக்கு, அதாவது பாலித்தீன் செய்யும் அளவு சுத்தமாக, எத்திலீன் வந்தது.


திருநகர் ஆபரேட்டர் | சனி, மாலை 5:25

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் அக்கா மகனிடம் இத்தனை நாள் சண்டை போட்டிருக்க மாட்டேன். கல்லைப் பொறுக்குவது எனக்குப் புரிகிறது. நியாயமான யோசனை.

ஆனால் அம்மா, தப்பாக எடுத்துக்கொள்ளாதே. ஆலையில் வாயு சிலிண்டரிலிருந்து வருவதில்லை. ஈரம் வரும், கந்தகம் வரும், எங்கோ ஒரு வால்வு கசியும். உன் பொடி எத்தனை நாள் தாங்கும்? பொடியாகவே கோபுரத்தில் கொட்டவும் முடியாது, காற்றோடு பறக்கும், அடைத்துக்கொள்ளும். மணியாக உருட்ட வேண்டும், உருட்ட ஒரு பசை வேண்டும், பசை துளையை அடைக்கும். இன்னொன்று, நாங்களும் சும்மா இருக்கவில்லை. சி-3 ஸ்பிளிட்டரில் உச்சியில் வரும் ஆவியையே கம்ப்ரசரில் அமுக்கி, அந்தச் சூட்டைக் கொண்டே அடியில் கொதிக்க வைக்கிறோம். நீராவியே தேவைப்படாது. உன் பொடியைப் பழைய கோபுரத்தோடு ஒப்பிடாதே, இந்தக் கோபுரத்தோடு ஒப்பிடு.


நாகமலை ஆய்வகம் | சனி, இரவு 8:55

தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது சார், என் வழிகாட்டி கேட்காததையா கேட்டீர்கள்.

ஈரத்தைப் பற்றி என் கதையே இருக்கிறது. நான் செய்வது எச்கஸ்ட்-1, செம்பு வைத்த பழைய மாஃப், 1999-இல் வந்தது. புரொப்பேனைவிடப் புரொப்பிலீனை அதிகமாகப் பிடிக்கும். வெற்றிட அடுப்பில் வைத்துத் தண்ணீரை விரட்டினால் கத்தரிப்பூ நிறத்துக்கு வரும், அப்போதுதான் செம்பு திறந்திருக்கிறது என்று அர்த்தம். போன ஐப்பசி மழையில் ஒரு நாள் குடுவையைத் திறந்து எடை போட்டுக்கொண்டிருந்தபோது மின்சாரம் போயிற்று. மூடியைத் தேடிக் கண்டுபிடிக்கச் சில நிமிடம். திரும்பிப் பார்த்தால் வெளிர் நீலம். காற்றில் இருந்த ஈரம் போய்ச் செம்பில் உட்கார்ந்துவிட்டது. மறுபடி சூடேற்றினால் நிறம் திரும்பும், ஆனால் இப்படிப் பல முறை நனைந்தால் படிகமே தளர்ந்துபோகும். மூன்று வார அளவீட்டை முதலிலிருந்து எடுத்தேன். அந்த 2018 இரும்புப் பொடியையும் காற்றுப் படாத கையுறைப் பெட்டிக்குள் வைத்துத்தான் கையாண்டார்கள்.

அதனால் உங்கள் அக்கா மகனிடம் காயலான் கடைக்காரரை இப்போதைக்கு வரச் சொல்ல வேண்டாம் என்று சொல்லுங்கள். டன் கணக்கில் செய்யும் மாஃப் இல்லாமல் இல்லை. கால்ஃப்-20 என்ற துத்தநாக மாஃப், புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடிக்க அந்த அளவில் தயாராகிறது, ஈரத்தையும் தாங்குகிறது. எத்திலீனுக்கு அப்படி ஒன்று இன்னும் ஆலையில் உட்காரவில்லை. கோபுரத்தை முழுசாக எடுப்பதைவிட, அதோடு ஒரு சவ்வையோ ஒரு பொடிப் படுக்கையையோ சேர்த்து, பாதி வேலையைக் குறைப்பதுதான் முதலில் நடக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. பாதி குறைந்தாலே பெரிய விஷயம். எத்திலீனையும் புரொப்பிலீனையும் சுத்தம் செய்ய மட்டும் உலகத்தின் மொத்த ஆற்றலில் 0.3 சதவீதம் போகிறது என்று 2016-இல் ஒரு கணக்கு வந்தது.


திருநகர் ஆபரேட்டர் | சனி, இரவு 9:15

பாதி என்றால் நான் கையெழுத்துப் போடுகிறேன்.

துளைப்பொருளுக்கு நான் எதிரி இல்லை. மணலியில் கெரசினிலிருந்து நேர்ச் சங்கிலி மூலக்கூறுகளை மட்டும் பிரித்து எடுத்துத்தான் சலவைத்தூளுக்கு மூலப்பொருள் செய்கிறார்கள். அங்கே பிரிப்பது ஜியோலைட் 5ஏ, எண் ஏறக்குறைய வாசலின் ஆங்ஸ்ட்ராம் அளவு. நேராக இருப்பது நுழையும், கிளை விட்டது வெளியே நிற்கும். உங்கள் வீட்டுத் துணி வெளுப்பதில் அதற்கும் பங்கு உண்டு. எங்கள் ஆலையிலேயே கிராக்கர் வாயுவை உலர்த்த 3ஏ மணி போடுவோம். தண்ணீர் நுழையும், எத்திலீன் நுழையாது. 4ஏ போட்டால் எத்திலீனும் உள்ளே போய்ச் சூட்டில் கரியாகிவிடும். இதெல்லாம் உண்மையான சலிப்பு, பல வருடமாக ஓடுகிறது.


செல்லூர் ஃபிரிட்ஜ் கடை | சனி, இரவு 9:30

3ஏ மணியா? ஃபிரிட்ஜ் ஃபில்டர் டிரையருக்குள் கிலுகிலு என்று கிடப்பதும் அதுவா அண்ணே? இத்தனை வருடம் மாற்றியிருக்கிறேன், ஒரு தடவையும் உள்ளே பார்த்ததில்லை. ஆர்-600ஏ ஃபிரிட்ஜ் என்றால் அது ஐசோபியூட்டேன் என்று மட்டும் தெரியும்.


நாகமலை ஆய்வகம் | சனி, இரவு 9:38

அதே குடும்பம்தான் அண்ணே. ஐசோபியூட்டேனும் சாதாரண பியூட்டேனும்கூட 5ஏ-வில் பிரியும். சாதாரணம் நுழையும், ஐசோ நுழையாது. ஒரு புது டிரையரை அறுத்து, மணியை உள்ளங்கையில் கொட்டி, நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். கையை உடனே உதறத் தயாராக இருங்கள்.


செல்லூர் ஃபிரிட்ஜ் கடை | ஞாயிறு, காலை 8:10

அறுத்தேன். காசு போனால் போகிறது. கடுகைவிடக் கொஞ்சம் பெரிய மணி, மண் நிறம். தண்ணீர் விட்டதும் சொய்ங் என்று ஒரு சத்தம், பொடிப்பொடியாகக் குமிழி, அப்புறம் உள்ளங்கை சுட்டுவிட்டது. சின்னவள் ஓடி வந்து அவளும் ஒரு தடவை செய்தாள். இது எங்கிருந்து வரும் சூடு?


திருநகர் ஆபரேட்டர் | ஞாயிறு, காலை 8:32

தண்ணீர் உள்ளே போய் ஒட்டும்போது வெளியே தள்ளும் சூடு. நான் வெள்ளிக்கிழமையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் செலவு அதுதான், இப்போது உன் கையில் இருக்கிறது. அந்தச் சூட்டை அப்படியே திருப்பிக் கொடுத்தால்தான் தண்ணீர் இறங்கும். எங்கள் டிரையருக்கு 230 டிகிரி வாக்கில் சூடான வாயு விட்டு இறக்குவோம்.


செல்லூர் ஃபிரிட்ஜ் கடை | ஞாயிறு, காலை 8:40

அப்போ தோசைக்கல்லில் போட்டு வறுத்தால் மணி மறுபடி புதுசு ஆகிவிடுமா?


நாகமலை ஆய்வகம் | ஞாயிறு, காலை 8:47

ஓரளவுக்கு ஆகும். முதலில் நிழலில் உலர்த்திவிட்டு, அப்புறம் சின்னத் தீயில் ஆரம்பியுங்கள், எடுத்த எடுப்பில் சூடேற்றினால் மணி வெடித்து உடையும். ஆனால் அதைத் திரும்ப யாருடைய ஃபிரிட்ஜிலும் மாட்டிவிடாதீர்கள். அந்தக் கல்லில் தோசையும் சுடாதீர்கள், அண்ணி என்னைத் தேடி நாகமலைக்கே வந்துவிடுவார்.